மூன்று அபார்ட்மென்ட், ஒரு டெம்போ, ஒரு தெருமுனை

போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது, பெங்களூர்க் குப்பை வெறும் லாரிப் பிரச்சினை இல்லை, பங்கு பிரிக்கிற பிரச்சினை, அதற்கென்றே கணக்கில் ஒரு பிரிவு இருக்கிறது, கூட்டுறவு ஆட்டக் கோட்பாடு என்று பெயர் எனப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், வழக்கமாக வரும் சர்க்கரை வியாதி, வீட்டுக்கடன், மாமியார் மருமகள் கேள்விகளை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டன. அதனால் இந்த முறை பத்தி முழுக்கக் குப்பைதான். காபி குடித்துக்கொண்டே படிக்கிறவர்கள் முதலில் காபியை முடித்துவிடுங்கள்.

கேள்வி: கூட்டுறவு என்றால் ரேஷன் கடை, பால் சொசைட்டிதான் எங்களுக்குத் தெரியும். அதில் ஆட்டம் எங்கே வந்தது?
வாசகர், ஸ்ரீராமபுரம்

சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டம் என்பதை ரம்மி ஆடுகிற மாதிரி ஒரு நிலைமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் எந்தச் சீட்டை இறக்குகிறேன் என்பது உங்கள் கையைப் பாதிக்கும், நீங்கள் இறக்குவது என் கையை. ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற இருவர் 1944-இல் இதைத் தடிமனான ஒரு புத்தகமாகவே எழுதிவைத்தார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அவரவர் பாடு அவரவருக்கு, வாக்குக் கொடுத்தாலும் அதைக் காப்பாற்ற வைக்க ஆள் கிடையாது. இன்னொன்றில் நாலு பேர் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடலாம், போட்டால் அது நிற்கும்; அப்போது யார் யாரோடு சேருவார்கள், சேர்ந்து மிச்சப்படுத்தியதை எப்படிப் பிரித்தால் கூட்டம் உடையாது என்பதுதான் கேள்வி. இந்த இரண்டாவதுக்குத்தான் கூட்டுறவு ஆட்டம் என்று பெயர்.

உங்கள் பேட்டையிலேயே தெருவுக்குத் தெரு நடக்கிற ஏலச் சீட்டு இதற்கு நல்ல உதாரணம். இருபது பேர் மாதாமாதம் போடுகிறார்கள், அவசரக்காரர் தள்ளி எடுக்கிறார், தள்ளிய தொகையை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். சீட்டை எடுத்துவிட்டு அடுத்த மாதம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், சீட்டு பிடிக்கிற அக்கா காலையில் வாசலில் வந்து நிற்பார். ஒப்பந்தம் நிற்கிறது என்று நான் சொன்னது இந்த அக்காவைத்தான். குப்பையில் அந்த அக்கா யார் என்பதுதான் பிரச்சினையே, அதற்குப் பின்னால் வருகிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று அபார்ட்மென்ட். 20 வீடு, 40 வீடு, 100 வீடு. மூவரும் தனித்தனியாக ஆள் வைத்துக் குப்பையை அனுப்புகிறோம், மாதம் 9,000, 12,000, 21,000 ஆகிறது. ஒரே டெம்போ வைத்தால் மூவருக்கும் சேர்த்து 30,000 போதும் என்கிறார் டெம்போக்காரர். இரண்டு பேர் மட்டும் சேர்ந்தால், சின்னதும் நடுவும் 15,000, சின்னதும் பெரியதும் 24,000, நடுவும் பெரியதும் 27,000 என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாகச் சமமாகப் பிரிப்போம் என்கிறது 100 வீடு. வீட்டுக்கணக்கில் பிரிப்போம் என்கிறது 20 வீடு. 40 வீட்டுக்காரர்கள் யுகாதி முடியட்டும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
அசோசியேஷன் செயலாளர், கோரமங்களா

முதலில் அந்த டெம்போக்காரருக்கு என் வணக்கம். இவ்வளவு சுத்தமாகக் கொட்டேஷன் கொடுக்கிறவரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

தனித்தனியாக 42,000, சேர்ந்தால் 30,000, ஆக மாதம் 12,000 மிச்சம். மூன்றாகச் சமம் என்றால் ஆளுக்கு 10,000. ஆனால் சின்ன கட்டிடத்துக்குத் தனியாகவே 9,000-தானே? கூட்டணிக்கு வந்து ஆயிரம் ரூபாய் நஷ்டப்பட அவர்களுக்கு என்ன வேண்டுதலா? முதல் மாதமே கழன்றுகொள்வார்கள். அதனால் எந்தப் பங்கீடானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒருவரோ இருவரோ தனியாகப் பிரிந்துபோனால் இதைவிடக் குறைவாக முடியுமா? முடியாது என்றால் அந்தப் பங்கீடு நிற்கும். நிற்கிற பங்கீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ‘கோர்’ என்று சொல்வார்கள், 1950-களில் டொனால்ட் கில்லீஸ் வைத்த பெயர். நாம் கரு என்று சொல்லிக்கொள்வோம். சமப் பங்கு கருவுக்கு வெளியே விழுந்துவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் லாயிட் ஷாப்ளி என்ற அமெரிக்கக் கணக்கு நிபுணர். 1953-இல் இவர் சொன்ன வழி ஒரு கதை மாதிரி இருக்கும். மூன்று கட்டிடங்களும் ஒரு அறைக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைகிறார்கள். நுழைகிறவரால் செலவு எவ்வளவு ஏறியதோ அது அவர் தலையில். யார் முதலில் நுழைவது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுமே என்றால், ஆமாம் மாறும், அதனால்தான் இருக்கிற ஆறு வரிசையையும் போட்டுப் பார்த்துச் சராசரி எடுக்கச் சொன்னார். உங்கள் 20 வீடு முதலில் நுழைந்தால் 9,000. அப்படி இரண்டு வரிசை. மற்ற நான்கிலும் அவர்களால் ஏறுவது வெறும் 3,000. கூட்டி ஆறால் வகுத்தால் 5,000. இதே மாதிரி நடுக் கட்டிடத்துக்கு 8,000, பெரியதுக்கு 17,000. மொத்தம் 30,000, பைசா பிசகவில்லை.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் டெம்போக்காரர் கணக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். வண்டியை எடுத்தாலே 6,000, அதன் மேல் வீட்டுக்கு 150. தனியாகப் போனால் மூன்று பேரும் ஆளுக்கொரு 6,000 கொடுக்கிறீர்கள், சேர்ந்தால் ஒரே ஒரு 6,000, மிச்சமெல்லாம் அங்கேதான். ஷாப்ளி செய்தது அந்த ஒரு 6,000-த்தை மூன்றாகப் பிரித்ததுதான், வேறு மாயம் இல்லை.

ஆனால் நீங்கள் இதைக் கூட்டத்தில் படித்துக் காட்டினால் 20 வீட்டுக்காரர்களில் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நிற்பார். எங்களுக்கு வீட்டுக்கு 250, உங்களுக்கு வீட்டுக்கு 170, இது என்ன நியாயம் என்பார். அவர் கேட்பது சரிதான். கட்டிடத்தை ஒரு ஆளாக எண்ணியதால் வந்த வினை இது. கட்டிடத்தை விட்டுவிட்டு 160 வீடுகளையும் 160 ஆட்டக்காரர்களாக எண்ணி அதே ஷாப்ளி கணக்கைப் போட்டால் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, 187 ரூபாய் 50 காசு. அதாவது 3,750, 7,500, 18,750. இதுவும் கருவுக்குள்தான் இருக்கிறது, யார் பிரிந்து போனாலும் இதைவிட அதிகம்தான் கொடுக்க வேண்டிவரும். ஆக ஒரே சூத்திரம் இரண்டு விடை தருகிறது, யாரை ஆட்டக்காரர் என்று எண்ணினோம் என்பதைப் பொறுத்து. கோட்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் சூத்திரத்தைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு இதை ஓரத்தில் சொல்லிப் போவார்கள், எனக்கு இதுதான் முக்கியம் என்று படுகிறது.

என்னைக் கேட்டால் 187.50 போடுங்கள். வாட்ச்மேன்கூட அதை விளக்கிச் சொல்ல முடியும், விளக்க முடிகிற கணக்குதான் இரண்டாவது வருடமும் நிற்கும். இன்னொன்று, பெரிய கட்டிடம் ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போட்டால், திடக்கழிவு விதிகளின்படி அது பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர் வகையில் வரும், ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்ய ஆரம்பித்தால் டெம்போவின் சுமை குறையும், மேலே சொன்ன தொகையெல்லாம் மாறும். யுகாதி முடிவதற்குள் அதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்தக் கணக்கெல்லாம் நிஜத்தில் யாராவது போட்டிருக்கிறார்களா, இல்லை பேப்பரோடு சரியா?
வாசகர், ஆஸ்டின் டவுன்

போட்டிருக்கிறார்கள். விமான நிலைய ஓடுபாதைக்குக் கட்டணம் பிரிப்பது பிரபலமான உதாரணம், 1973-இல் லிட்டில்சைல்டு, ஓவன் என்ற இருவர் எழுதியது. சின்ன விமானத்துக்குக் குட்டையான பாதை போதும், பெரியதுக்கு நீளம் வேண்டும். முதல் துண்டின் செலவை எல்லாரும் பங்குபோட வேண்டும், அடுத்த துண்டை அது தேவைப்படுகிறவர்கள் மட்டும். தரைத்தளக்காரர் லிஃப்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று உங்கள் அபார்ட்மென்டில் வருடாவருடம் நடக்கிற சண்டை இதேதான், அவர்கள் விமானத்தை வைத்துச் சொன்னதால் மரியாதை கிடைத்தது.

சுவீடனில் ஸ்கோனே பகுதியில் 18 ஊராட்சிகள் சேர்ந்து குடிநீர் கொண்டுவருவதை வைத்து, பெய்டன் யங்கும் உடன் இருந்தவர்களும் 1982-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 18 பேர் என்றால் எத்தனை கூட்டணி சாத்தியம்? இரண்டரை லட்சத்துக்கும் மேல். அத்தனைக்கும் செலவு மதிப்பிட யாரால் முடியும்? அதனால் ஊர்களை ஆறு தொகுதியாகச் சுருக்கிக்கொண்டு கணக்கைப் போட்டார்கள். பெங்களூரில் வார்டு வார்டாக எண்ண ஆரம்பித்தால் கம்ப்யூட்டரே கும்பிடு போட்டுவிடும், அதனால் இங்கேயும் யாரையாவது யாரோடாவது சேர்த்து ஒரே ஆளாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் பல வருடமாக ஒரு பிளாக் ஸ்பாட், அதாவது வருகிறவர் போகிறவரெல்லாம் குப்பை எறிகிற இடம். பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விடியற்காலையில் பெருக்கிக் கழுவி, படிக்கோலம் போட்டு, நாலு தொட்டியில் செடியும் வைத்தோம். மூன்று வாரம் பளிச்சென்று இருந்தது. இப்போது அதே குப்பை பக்கத்துத் தெரு முனையில் விழுகிறது, அந்தத் தெருக்காரர்கள் எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். நாங்கள் செய்தது தப்பா சார்?
வாசகி, அல்சூர்

தப்பே இல்லைம்மா. கோலத்தின் மேல் குப்பை போட மனசு வராது என்பது இந்த ஊரில் பல இடத்தில் பலித்த விஷயம், வராத மனசு இரண்டு தெரு தள்ளிப் போய் வந்துவிடுகிறது என்பதுதான் கஷ்டம். உங்கள் சண்டைக்குக் கோட்பாட்டில் பெயரே இருக்கிறது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், குப்பை ஆட்டம். அதே ஷாப்ளி, மார்ட்டின் ஷுபிக்கோடு சேர்ந்து 1969-இல் எழுதினார்.

மூன்று வீடு, மூன்று காம்பவுண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை குப்பை. அந்தப் பையை எங்கே போட்டாலும் அது யாரோ ஒருவர் காம்பவுண்டில்தான் விழும், நாலாவது இடம் என்று ஒன்று கிடையாது. அவரவர் பை அவரவர் வீட்டில் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டால் ஆளுக்கு ஒன்று, தீர்ந்தது. ஆனால் முதல் இரண்டு வீடும் ரகசியமாகச் சேர்ந்து இரண்டு பையையும் மூன்றாம் வீட்டில் எறிந்தால்? மூன்றாம் வீட்டுக்காரர் கோபத்தில் தன் பையை முதல் வீட்டில் எறிவார். இப்போது முதல் இருவருக்கும் சேர்த்து ஒரே பை, முன்பு இரண்டு இருந்தது. லாபம். சரி, மூன்றாமவர் சும்மா இருப்பாரா? அவர் முதல் வீட்டுக்குப் போய், என் பை உன் வீட்டில் கிடக்கிறது பார், அவனை விட்டுவிட்டு என்னோடு வா, நாம் இருவரும் இரண்டாம் வீட்டில் எறிவோம், அவன் திருப்பி எறிகிற பையை நான் வாங்கிக்கொள்கிறேன், உன் வாசல் சுத்தமாக இருக்கும் என்பார். இருவருக்குமே முன்பைவிட நல்லது. அடுத்து இரண்டாம் வீடு பேரம் பேசக் கிளம்பும். இது நிற்கவே நிற்காது, சுற்றிச் சுற்றி வரும். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இந்த ஆட்டத்தின் கரு காலி, எந்தப் பங்கீட்டையும் யாராவது சிலர் சேர்ந்து உடைத்துவிடலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டே வீடு என்றால் பிரச்சினை இல்லை, நீ என் வீட்டில் எறி, நான் உன் வீட்டில் எறிகிறேன், யாருக்கும் லாபமில்லை, ஆகவே சமாதானம்.

உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் அந்த மூன்று வீட்டில் இரண்டு வீடுதான். நீங்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களும் இல்லை, எறிய ஒரு இடம் இருக்கிறவரை அப்படித்தான் நடக்கும். கோரமங்களாக்காரருக்கு நான் மேலே போட்டுக்கொடுத்த கணக்கிலும் இதே ஓட்டை உண்டு, அவர் கவனித்தாரோ என்னவோ. தனியாகப் போனால் 9,000 என்றேனே, உண்மையில் பிரிந்துபோக நினைக்கிற ஒரு வீட்டுக்குத் தெருமுனை இருக்கிறது, அங்கே செலவு பூஜ்யம். பூஜ்யத்தோடு போட்டி போடுகிற பங்கீடு எதுவும் கிடையாது. முதலில் அந்தப் பூஜ்யத்தை விலையுள்ளதாக ஆக்க வேண்டும்.

2025 அக்டோபர் கடைசியில் இங்கே அதைத்தான் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்து பார்த்தார்கள், ரோட்டில் கொட்டியவர்களைக் கண்டுபிடித்து அவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைத் திருப்பிக் கொட்டி, அபராதமும் போட்டார்கள். படம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சீட்டு பிடிக்கிற அக்கா ஒருவழியாக வந்து சேர்ந்தார் என்று நினைத்தேன். ஆனால் அந்த அக்கா தினமும் வர வேண்டும், ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனால் போதாது. அப்புறம் எறிகிறவர்கள் யார் என்பதையும் பாருங்கள். உங்கள் பக்கம் குப்பை எடுக்கிற ஆட்டோ டிப்பர் ஏழு மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போகிற அம்மாவும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற பி.ஜி. விடுதிப் பையனும் எப்போது குப்பையைக் கொடுப்பார்கள்? அவர்களைத் திட்டுவதைவிட, இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, சாயங்காலம் ஒரு நடை வண்டி கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு வந்தவர்களிடமே முதல் கையெழுத்தை வாங்குங்கள். இரண்டு தெரு ஒரு ஆளானால் கோலத்துக்கும் ஆயுசு கூடும்.

கேள்வி: அபார்ட்மென்ட்காரர்களும் தெருக்காரர்களும் பங்கு பிரித்துக்கொள்வது இருக்கட்டும். அந்த டெம்போ கடைசியில் எங்கே போகிறது? எங்கள் சொந்தக்காரர்கள் நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய மண்டூர் பக்கம் இருந்தவர்கள். உங்கள் கணக்கில் அவர்கள் எந்த வரியில் வருகிறார்கள்?
வாசகர், கே.ஆர். புரம்

எந்த வரியிலும் வரவில்லை. என்னை நன்றாகவே பிடித்துவிட்டீர்கள்.

நான் போட்ட 30,000 ரூபாயில் டெம்போ வாடகை இருக்கிறது, ஆள்கூலி இருக்கிறது, கொட்டுகிற ஊரின் கிணற்றுத் தண்ணீர் இல்லை. பெங்களூர் முழுக்கவே ரொம்ப நாள் இப்படித்தான் கணக்கு எழுதியது. மாவள்ளிபுரத்தில் கொட்டினார்கள், அங்கே 2012-இல் மூடவேண்டி வந்ததும் நகரத்துத் தெருவெல்லாம் குப்பை குவிந்து நாறியது. அப்புறம் முழுப் பாரமும் மண்டூர் மேல். 2014-இல் ஊர் மக்கள் லாரிகளை மறித்து உட்கார்ந்தார்கள், டிசம்பர் 1 முதல் அங்கே கொட்ட மாட்டோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுக்கும்வரை விடவில்லை. பிறகு வடக்கே பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி என்று கைவிடப்பட்ட கல் குவாரிகளைத் தேடிப் போனார்கள். குப்பை ஆட்டத்தின் மூன்றாம் வீடு வேறு வேறு பெயரில் மாறிக்கொண்டே இருந்தது என்பதைத் தவிர இதில் என்ன சொல்ல?

நடுவில் உயர் நீதிமன்றம் 2012-இல் குப்பையைப் பிரிக்கச் சொன்னது, 2015 டிசம்பரில் இரண்டு பக்கெட் ஒரு பை என்று தெளிவாகவே உத்தரவு போட்டது. பச்சையில் ஈரம், சிவப்பில் நாப்கின், டயப்பர் மாதிரி கழிவு, பையில் உலர்ந்தது. ஹசி கசா (ஈரக் குப்பை), ஒண கசா (உலர்ந்த குப்பை) என்ற கன்னடச் சொற்கள் நம் வீட்டுத் தமிழிலும் புகுந்தது அதற்குப் பிறகுதான். எத்தனை விழிப்புணர்வு முகாம் நடந்தாலும், இந்த ஊரைக் குப்பை பிரிக்க வைத்தது மண்டூர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்ததுதான் என்பது என் கருத்து, நீதிமன்றத்துக்குக்கூட இரண்டாவது இடம்தான். அவர்கள் உட்கார்ந்த அன்றைக்கு நகரத்துக்கு இருந்த பூஜ்யச் செலவு வழி அடைபட்டது. அதற்கு முன்னால் அவர்கள் எதிர்ப்பு தெரிவிக்கவில்லை என்றில்லை, ஆட்டக்காரராக யாரும் எண்ணவில்லை.

கணக்கில் அவர்களைச் சேர்ப்பது கஷ்டமும் இல்லை. கொட்டும் ஊருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கொடுப்பது ஒரு வழி, பல நாடுகளில் உண்டு. ஆனால் பணம் மட்டும் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கையில் இருந்தால்தான் அவர் ஆட்டக்காரர், இல்லாவிட்டால் நஷ்டஈடு வாங்குகிறவர், அவ்வளவுதான். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம், காய்த்தோல், மிச்சச் சோறு. அது உலர்ந்ததோடு கலந்து குழிக்குப் போனால்தான் சாறு வடிந்து நிலத்தில் இறங்குகிறது, வாயு கிளம்பித் தீப்பிடிக்கிறது. அந்தப் பாதி அவரவர் தெருவிலேயே எருவானால் உங்கள் சொந்தக்காரர் ஊர் வழியாகப் போகிற லாரியும் பாதியாகும். பழைய குடிமராமத்தில் ஏரியைத் தூர்வார எத்தனை காணி நிலமோ அத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி, எத்தனை டன் வெளியே அனுப்புகிறதோ அந்த வார்டு அவ்வளவு கொடுக்கட்டும் என்று வைத்தால், எருக்குழி தோண்டுகிற வார்டுக்குக் கை மேல் லாபம் தெரியும்.

கேள்வி: நான் கோணிப்பை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக், அட்டை பொறுக்கிக் காயலான் கடையில் போடுகிறவன். கடைக்காரர் சொல்வதுதான் விலை. நீங்கள் சொல்லும் பெரிய மனிதர்கள் எங்களுக்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? (மகளைவிட்டு எழுதச் சொன்னேன்.)
வாசகர், கௌரிபாளையா

சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கையுறையை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்குப் புரியும்படி நான் உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன்.

ஒரு கடை, பொறுக்குகிறவர் இரண்டு பேர், கடைக்கு ஒரு மூட்டைதான் வேண்டும், அதில் 600 ரூபாய் லாபம் என்று வையுங்கள். கடைக்காரர் உங்களைக் காட்டி அவரிடம் விலையைக் குறைப்பார், அவரைக் காட்டி உங்களிடம் குறைப்பார். கரு என்று சொன்னேனே, அதன்படி பார்த்தால் 600-ம் கடைக்கே, உங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. இரக்கமில்லாத கணக்கு, ஆனால் உங்கள் அனுபவத்துக்குக் கிட்டத்தட்ட பொருந்துகிறது இல்லையா? ஷாப்ளி கணக்கு கொஞ்சம் பரவாயில்லை, கடைக்கு 400, உங்களுக்கு ஆளுக்கு 100. இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஆளாக நின்றால், எங்கள் இருவரிடமும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்றால், ஒருவருக்கு ஒருவர் ஆட்டம், 300-க்கு 300, உங்களுக்கு ஆளுக்கு 150. மூட்டை அதேதான், உழைப்பும் அதேதான், தலையை எண்ணுகிற விதம் மாறியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை நம்மவர்கள் சூத்திரமில்லாமலே சொல்லிவைத்தார்கள்.

பெங்களூரில் 2011-இலேயே கழிவு சேகரிப்பவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தது. ஹசிரு தளா என்ற அமைப்பு உங்கள் தொழில்காரர்களோடு வேலை செய்கிறது, வார்டு உலர்கழிவு மையங்கள் சிலவற்றை முன்பு குப்பை பொறுக்கியவர்களே நடத்துகிறார்கள். புனேயில் 1993-இலேயே சங்கம் அமைத்தார்கள், பிறகு ஸ்வச் என்று சொந்தக் கூட்டுறவே தொடங்கி வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கிக் குப்பை எடுக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். மகளைப் படிக்க வையுங்கள், கடிதம் பிழையில்லாமல் இருந்தது.

கேள்வி: ஷாப்ளிக்கு நோபல் பரிசு குப்பைக்காகவா கொடுத்தார்கள்?
வாசகர், விவேக்நகர்

இல்லை. 2012-இல், 89 வயதில், ஆல்வின் ராத் என்பவரோடு பகிர்ந்துகொண்டார். யாருக்கு யார் பொருத்தம் என்று இரண்டு தரப்பையும் கலையாமல் சேர்த்துவைக்கிற கணக்குக்காக, சுருக்கமாகச் சொன்னால் ஜாதகம் இல்லாத வரன் பார்த்தல். நம் ஊர் மாவள்ளிபுரத்தை மூடிவிட்டு முழித்ததும் அதே 2012-தான், இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டில் குப்பையைப் பிரிக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், ஃப்ரேசர் டவுன்

பிரிக்கிறோம். பால் கவரைக் கழுவிக் காயப்போடுவது என் வேலை, ஈரத்தை மொட்டை மாடியில் எருவாக்குவது மனைவியின் வேலை. அதில் வளர்கிற கறிவேப்பிலையை எதிர்வீட்டாருக்குக் கொடுத்துப் பெருமையும் பட்டுக்கொள்வோம்.

ஆனால் நீங்கள் உண்மையைக் கேட்டதால் சொல்கிறேன். போன வருடம் மாடியில் எறும்பு வந்து எருத் தொட்டியை ஒரு வாரம் நிறுத்திவைத்திருந்தோம், வண்டியும் மூன்று நாளாக வரவில்லை, எங்களுக்குச் சென்னைக்கு விடியற்காலை ரயில், ஒரு கல்யாணம். வாளியில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனால் வீடு என்ன ஆகும்? பையை இறுகக் கட்டி, உள்ளே பெயர் எழுதிய கூரியர் கவர் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, ஏற்கெனவே ஏழெட்டுப் பை கிடந்த ஒரு முனையில், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எட்டாவதோ ஒன்பதாவதோ பையாக அதை வைத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டேன். ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி ஜோலார்பேட்டை வரைக்கும் என்னோடு பேசவில்லை.